தொளதொளப்பான பின்னல் ஜாக்கெட்டும் அதன் 38 தாள் பேட்டர்னும்

திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் கிலோக் கணக்கில் துணி விற்கும் ஒரு கடையில், ஜாக்கெட் தைப்பதற்குக் கனமான பனியன் துணி வேண்டும் என்று நான் கேட்டபோது, கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பனியன் துணியில யாருங்க அம்மணி ஜாக்கெட் தைப்பாங்க?” என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. நம் ஊரில் ஜாக்கெட் என்றால் புடவைக்குப் போடும் ரவிக்கைதான். நான் தைக்க நினைத்ததோ குன்னூர்க் குளிரில் புடவைக்கு மேல் போட்டுக்கொள்ளும், இடுப்புக்குக் கீழ் வரை இறங்கும், தோளும் கையும் தொளதொளவென்று இருக்கும் ஒரு மேலங்கி. விளக்கிச் சொன்னதும், “அப்படின்னா ஸ்வெட்டர்னு சொல்லுங்க” என்று சிரித்தபடி மாடிக்கு அழைத்துப் போனார். உள்ளாடைக்கு உரியது என்று ஒதுக்கப்பட்டிருந்த ஜெர்சி என்ற பின்னல் துணியை 1916ஆம் ஆண்டு ரோடியே என்ற ஆலைக்காரரிடம் வாங்கி மேலுடைகள் தைத்த பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேலிடமும் யாராவது இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள் என்று படியேறும்போது நினைத்துக்கொண்டேன்.

நான் இங்கே மதிப்பிடுவது அந்த மேலங்கிக்காக இணையத்தில் வாங்கிய பேட்டர்னை, அதாவது துணியை வெட்டுவதற்கான தாள் மாதிரியை. வெளிநாட்டுச் சிறு நிறுவனம் ஒன்று அதைப் பிடிஎஃப் கோப்பாக 14 டாலருக்கு விற்கிறது. இதே அமைப்பில் பல நிறுவனங்கள் பேட்டர்ன் வெளியிட்டிருப்பதாலும், நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும் என்பதாலும், பெயரைத் தவிர்க்கிறேன். இரண்டு ஜாக்கெட்டுகள் தைத்து, முதலாவதை ஒரு குளிர்காலம் முழுவதும் அணிந்து, துவைத்து, காயவைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பேட்டர்னை வரைந்தவரின் கை தேர்ந்த கை. அதனுடன் வரும் கையேட்டை எழுதியவரோ பின்னல் துணியின் எடை எந்த இடத்தில் போய்த் தொங்கும் என்பதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

முதலில், தொளதொளப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்காக ஒரு விளக்கம். நீலகிரியில் புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட பெண்களை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். அவர்களில் பெரும்பாலானோரின் இடது தோள் வலது தோளைவிடப் பருத்திருப்பதையும் பார்க்கலாம். முந்தானையின் மடிப்புகள் ஐந்தோ ஆறோ ஒன்றன்மேல் ஒன்றாக அந்தத் தோளில் ஏறியிருக்க, உடலோடு ஒட்டிப் பின்னப்பட்ட ஸ்வெட்டர் அவற்றை அழுத்திக் கசக்கிவிடுகிறது; ரவிக்கைக் கையின் மேல் ஸ்வெட்டர்க் கை ஏறும்போது அக்குளில் துணி சேர்ந்து, கையைத் தூக்கவே சிரமமாகிவிடுகிறது. தோள்பட்டை எலும்பைத் தாண்டிக் கீழே இறங்கும் தோளும், ஆழமான கைக்குழியும் உள்ள ஒரு ஜாக்கெட் இந்த இரண்டு தொல்லைகளையும் தீர்க்கும் என்று தோன்றியது. வடிவமைத்தவர்கள் புடவையை மனத்தில் வைத்து வரைந்திருக்க மாட்டார்கள் என்றாலும், புடவைக்கு இந்த அமைப்பு நன்றாகவே பொருந்துகிறது.

பணம் செலுத்தியதும் மூன்று கோப்புகள் வந்தன: ஏ4 தாள்களில் அச்சிட்டு ஒட்டிக்கொள்வதற்கானது, பெரிய அச்சு எந்திரத்துக்கான ஏ0 அளவுக் கோப்பு, 22 பக்கக் கையேடு. பத்து அளவுகளும் தனித்தனி அடுக்குகளாக இருப்பதால், நமக்கு வேண்டிய அளவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றக் கோடுகளை மறைத்துவிட முடிகிறது. பத்து வண்ணக் கோடுகளுக்கு நடுவே நம் கோட்டைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் வேலை இல்லை. ஜெராக்ஸ் கடையில் 38 தாள்களையும் அச்சிட்டு வாங்கி வந்து, முதல் தாளில் உள்ள சோதனைக் கட்டத்தை அளந்தேன். 5 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய கட்டம் 4.8 தான் இருந்தது. கடைத் தம்பி, தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி அச்சிடும் வழக்கமான தெரிவை மாற்றாமல் விட்டிருந்தார். நூற்றுக்கு நான்கு பங்கு என்பது கேட்பதற்குச் சிறியது. ஆனால் 128 சென்டிமீட்டர் மார்புச் சுற்றளவு உள்ள ஜாக்கெட் ஏறக்குறைய 123 ஆகக் குறைந்து, கழுத்தும் கையும் அதே விகிதத்தில் சுருங்கிவிடும். எல்லாத் தாள்களையும் மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. கோப்பின் முதல் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. பேட்டர்னைக் குறை சொல்ல முடியாது. முதல் தாளை மட்டும் அச்சிட்டு, அளந்து பார்த்துவிட்டு மற்றவற்றை அச்சிடச் சொல்லுங்கள்.

நம் தையற்காரர்கள் அளவு எடுத்துத் துணியின் மேலேயே சாக்குக்கட்டியால் வரைந்து வெட்டுகிறவர்கள். ஒரே உடையைப் பல அளவுகளில் தாளில் வெட்டி விற்கும் வழக்கம் அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் 1863இல் தொடங்கியது. தாள் பேட்டர்னில் அளவைத் தேர்ந்தெடுப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள், தொளதொளப்பான உடையில் தடுமாற்றம் இரட்டிப்பாகும். என் மார்பு அளவு 96. அட்டவணைப்படி எனக்கு உரிய அளவு எம். அதன் தைத்து முடித்த சுற்றளவு 128. ஆக, உடலுக்கும் துணிக்கும் இடையே 32 சென்டிமீட்டர் தளர்வு. இவ்வளவா என்று மலைத்து ஓர் அளவு கீழே போய்விடலாமா என்று யோசித்தேன். போகாமல் இருந்ததற்குக் காரணம், கையேட்டில் உடல் அளவுகளோடு தைத்து முடித்த உடையின் அளவுகளும், பின்கழுத்து அகலம் உட்பட, முழுமையாகத் தரப்பட்டிருந்ததுதான். பல நிறுவனங்கள் இதைத் தருவதில்லை.

அந்தப் பின்கழுத்து அகலத்தில்தான் வரைந்தவரின் தேர்ச்சி தெரிகிறது. அது 18.5 சென்டிமீட்டர், எனக்கு நன்றாகப் பொருந்தும் குர்தி ஒன்றின் பின்கழுத்தை அளந்தால் 17.5. உடலில் 32 சென்டிமீட்டர் தளர்வு கொடுத்தவர் கழுத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் கொடுத்திருக்கிறார். தொளதொளப்பான உடை என்றால் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்குவது என்று நினைத்து, அண்ணனுடைய சட்டையைத் தங்கைக்குப் போட்டதுபோல வரைந்துவிடுகிறவர்கள் உண்டு; அத்தகைய உடை கழுத்தில் நிற்காமல் பின்பக்கமாகச் சரிந்துகொண்டே இருக்கும். இங்கே கழுத்து உடலைப் பிடித்துக்கொள்கிறது, அகலம் முழுவதும் தோள்முனைக்குக் கீழேதான் தொடங்குகிறது. பின்பக்கத்தின் கீழ் விளிம்பு முன்பக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இறங்கும்படி வளைந்திருப்பதால், குனியும்போது முதுகில் குளிர் ஏறுவதில்லை.

கையின் மேல்வளைவு உயரம் 6 சென்டிமீட்டர்தான். வழக்கமான சட்டைக் கையில் இது இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். வளைவு தாழ்ந்திருந்தால் கை அகலமாகும், கையை உயரத் தூக்கினாலும் உடல் பகுதி கூடவே எழும்பி வராது. அதற்கு விலையாக, கையைத் தொங்கவிடும்போது அக்குளுக்குக் கீழே மடிப்புகள் விழும். இந்த மடிப்புகளைத் தையல் பிழை என்று நினைத்துப் பிரித்துத் தைக்க வேண்டாம். தாழ்ந்த வளைவால் இன்னொரு நன்மையும் உண்டு: கையை உருளையாக்கிக் கைக்குழிக்குள் பொருத்தும் சள்ளை இல்லை. தோளை மட்டும் இணைத்துவிட்டு, விரித்த நிலையிலேயே கையை வைத்துத் தைத்து, பிறகு கை நுனி முதல் இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையலைப் போட்டுவிடலாம். திருப்பூரில் டீ சர்ட் தைக்கும் முறையும் இதுவே.

கையின் நீளம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. இந்தப் பேட்டர்ன் 170 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்காக வரையப்பட்டது. என் உயரம் 154. தோள் கீழே இறங்கிய உடையில் கைத் துண்டை மட்டும் தனியாக அளந்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் கையின் ஒரு பகுதியைத் தோளே எடுத்துக்கொண்டுவிடுகிறது. பின்கழுத்தின் நடுவிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை அளக்க வேண்டும். எனக்கு அது 72. பேட்டர்னில் பின்கழுத்து நடுவிலிருந்து கைத் தையல் வரை 29, அங்கிருந்து கை நுனி வரை 48, ஆக மொத்தம் 77. ஐந்து சென்டிமீட்டர் மிகை. உடல் துண்டுகளில் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் எங்கே மடிக்க வேண்டும் என்று கோடு போட்டுத் தந்தவர்கள், கைத் துண்டில் அந்தக் கோட்டைப் போட மறந்திருக்கிறார்கள். கை நுனியிலேயே ஐந்து சென்டிமீட்டரை வெட்டினால், மேலிருந்து கீழே குறுகிவரும் கையின் அகலமான இடம் மணிக்கட்டுக்கு வந்து, பட்டை அதோடு பொருந்தாமல் போகும். நடுக்கையில் தாளை மடித்து ஒட்டி, இருபுற ஓரங்களையும் நேர்க்கோடாகத் திருத்தி வரைந்துகொண்டேன்.

இனி துணி. கையேடு பரிந்துரைக்கும் துணிகளின் பட்டியல் நீளமானது: பிரெஞ்சு டெர்ரி, பிளீஸ், பான்டே ரோமா, ஸ்வெட்டர் நிட், கொதிக்கவைத்துச் சுருக்கிய கம்பளி. இவற்றில் முதலாவதைத் திருப்பூரில் லூப் நிட் என்றால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்; வெளிப்பக்கம் வழவழப்பாகவும் உள்பக்கம் சிறுசிறு வளையங்களாகவும் இருக்கும். அந்த வளையங்களைச் சுரண்டிப் பஞ்சாக்கினால் அதுதான் பிளீஸ். அங்கே துணி மீட்டரில் விற்கப்படுவதில்லை, எடையில் விற்கப்படுகிறது; பேட்டர்னோ மீட்டரில் கேட்கிறது. மாற்றிக்கொள்ளும் கணக்கு எளிது. 150 சென்டிமீட்டர் அகலத்தில் 2.1 மீட்டர் வேண்டும் என்றால் 3.15 சதுர மீட்டர். 280 ஜிஎஸ்எம் துணியில், அதாவது ஒரு சதுர மீட்டர் 280 கிராம் எடையுள்ள துணியில், அது 882 கிராம். துவைத்தால் சுருங்கும் பங்கையும் சேர்த்து ஒரு கிலோ வாங்கினேன். 34 டயா, அதாவது தட்டையாகக் கிடக்கும்போது 34 அங்குல அகலமுள்ள குழாய்த் துணி என்பதால், ஓரத்தில் வெட்டி விரித்தபோது 68 அங்குல அகலம் கிடைத்தது. கிலோ 420 ரூபாய்.

துணி இழுபடும் அளவைச் சோதிப்பதற்குக் கையேட்டில் ஓர் அளவுகோல் அச்சிடப்பட்டிருக்கிறது. குறுக்குவாட்டில் 10 சென்டிமீட்டரை மடித்துப் பிடித்து இழுத்தால் 12 முதல் 13 வரை வர வேண்டும். லூப் நிட் 12.5 வந்தது. வீட்டுக்கு வந்து, 50 சென்டிமீட்டர்ச் சதுரம் ஒன்றை நூலால் குறித்து, துவைத்து, வெயிலில் காயவைத்து மறுபடி அளந்தேன். நீளத்தில் 47, அகலத்தில் 48.5. இந்தத் துணியைத் துவைக்காமல் வெட்டியிருந்தால், 68 சென்டிமீட்டர் நீள ஜாக்கெட் முதல் சலவையிலேயே நான்கு சென்டிமீட்டர் குட்டையாகியிருக்கும். பின்னல் துணியில் நூல் பாவும் ஊடுமாக ஓடவில்லை, கண்ணி கண்ணியாகக் கோத்திருக்கிறது. ஆலையில் இழுத்து வைக்கப்பட்ட கண்ணிகள் தண்ணீர் பட்டதும் தம் இயல்பான வடிவத்துக்குத் திரும்புகின்றன. கையேடு இதற்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறது. அந்த ஒரு வரியும் சரியானதுதான்.

வெட்டும்போது நினைவில் வைக்க வேண்டியது, துணியை மேசையின் விளிம்பிலிருந்து தொங்கவிடக் கூடாது என்பது. தொங்கும் பகுதியின் எடை மேசையில் உள்ள பகுதியை இழுத்துவிடும், வெட்டிய துண்டு பிறகு சுருங்கும். ஊசி பந்துமுனை ஊசியாக, 90 எண் அளவில் இருக்கட்டும். கூர்முனை ஊசி கண்ணியை அறுத்துவிட, ஒரு வாரம் கழித்து அந்த இடத்தில் ஓட்டை விழும். தையல் குறுகலான ஜிக்ஜாக், அகலம் அரை மில்லிமீட்டர், நீளம் இரண்டரை. கால் மெஷினில் நேர்த்தையல் மட்டுமே உள்ளவர்கள் பாலியெஸ்டர் நூலைப் போட்டு, துணியை மிக லேசாக இழுத்துப் பிடித்துத் தைத்தால் போதும். தோளும் முன்விளிம்பும் தவிர மற்ற இடங்களில் இது தாங்கும்.

துணி விளிம்பை நூலால் சுற்றிப் பிடிக்கும் ஓவர்லாக் மெஷின் வீட்டில் இருக்கும் என்ற நினைப்பிலேயே கையேடு எழுதப்பட்டிருப்பது இங்கே இடிக்கிறது. தோள், கை, பக்கம், பட்டை என்று ஒவ்வொரு படியின் முடிவிலும் விளிம்பை ஓவர்லாக் செய்யச் சொல்கிறது. நானோ கடைத்தெருவில் ஓவர்லாக் போடும் கடைக்கு நான்கு முறை ஏறி இறங்கினேன், நான்காம் முறை அந்தப் பையன், “மொத்தமா எடுத்துட்டு வரக்கூடாதாக்கா?” என்று கேட்டேவிட்டான். இரண்டாவது ஜாக்கெட்டில் வரிசையை மாற்றினேன். தோளையும் கைக்குழியையும் வீட்டிலேயே தைத்து, விளிம்பைப் பிரிக்காமல் இரண்டு அடுக்கையும் சேர்த்து இன்னொரு ஜிக்ஜாக் ஓட்டிவிட்டு, பக்கத் தையலையும் பட்டையையும் மட்டும் ஒரே நடையில் கடையில் முடித்தேன். இதில் தவறு எதுவும் நேரவில்லை.

தோளைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்பீடு முடியாது. என் முதல் ஜாக்கெட்டின் எடை 640 கிராம். பெரும்பாலும் பித்தான் போடாமல் திறந்தபடி அணியும் உடை என்பதால், இந்த எடை முழுவதும் பின்கழுத்திலிருந்தும் இரண்டு தோள் தையல்களிலிருந்தும்தான் தொங்குகிறது. உடலோடு ஒட்டும் உடையில் மார்பும் இடுப்பும் பாரத்தைக் கொஞ்சம் பகிர்ந்துகொள்ளும். தொளதொளப்பான உடைக்கு அந்த உதவியே கிடையாது. தோள் தையலோ பின்னல் துணி மிகுதியாக இழுபடும் குறுக்குவாட்டில் ஓடுகிறது. இப்படி எல்லாப் பாரமும் போய்ச் சேரும் இடத்தைப் பற்றிக் கையேடு சொல்வது, “விரும்பினால் தோளில் நாடா வைத்துத் தைக்கலாம்” என்பது மட்டுமே. விருப்பத்துக்கு விடக்கூடிய வேலையா இது?

முதல் ஜாக்கெட்டில் நான் தப்பித்ததற்குத் துணிக்கடை மாடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரே காரணம். கட்டிங் மாஸ்டராக 30 ஆண்டுகள் வேலை பார்த்தவர். பேட்டர்ன் படத்தைக் கைப்பேசியில் காட்டியதும், “தோளுக்கு டேப் வெக்காம தெச்சுராதீங்க அம்மணி, மூணு சலவைல கை முட்டிக்கு வந்துரும்” என்றார். பிறகு தன் சட்டைக்குள் போட்டிருந்த டீ சர்ட்டின் கழுத்தை மடக்கிக் காட்டினார். பின்கழுத்துத் தையலின் மேல் ஒரு மெல்லிய துணிப்பட்டை ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றுமதிக்குத் தைக்கும் பனியன் கம்பெனிகளில் தோள் தையலுக்குள் மொபிலான் டேப் என்ற ஒளி ஊடுருவும் எலாஸ்டிக் நாடாவை வைத்துத் தைப்பது மிகச் சாதாரணமான வழக்கம். நூற்றைம்பது கிராம் எடையுள்ள டீ சர்ட்டுக்கே அது தேவைப்படும்போது, அரைக் கிலோவைத் தாண்டும் ஜாக்கெட்டுக்குத் தேவைப்படாதா? எலாஸ்டிக் வேண்டாம், இழுபடாத பருத்தி நாடாவே இதற்குச் சரி என்று அவர் சொன்னதைக் கேட்டு, அரை அங்குல நாடாவை வாங்கி, தாள் பேட்டர்னின் தோள் நீளமான 20.5 சென்டிமீட்டருக்கு வெட்டித் தைத்தேன். நாடாவைத் துணித் துண்டின் மேல் வைத்து அளக்கக் கூடாது. துணி அதற்குள் கொஞ்சம் இழுபட்டிருக்கும், நாடா அந்த இழுப்பை நிரந்தரமாக்கிவிடும்.

இரண்டாவது ஜாக்கெட்டில், கற்ற பாடத்தை வேண்டுமென்றே ஓரம் வைத்தேன் என்று சொல்ல வேண்டும். தோள் விஷயத்தில் கையேட்டை அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக, கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த 360 ஜிஎஸ்எம் ஸ்வெட்டர் நிட் துணியில், நாடா இல்லாமல், நேர்த்தியாகத் தைத்து முடித்தேன். 830 கிராம். அன்றிரவு ஹேங்கரில் மாட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் தோள் தையல் 22.5 சென்டிமீட்டர் ஆகியிருந்தது. ஒவ்வொரு கையும் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. கீழ் விளிம்பு பக்கவாட்டில் மூன்று சென்டிமீட்டர் தொங்கியிருந்தது. கையேட்டின் பட்டியலில் இந்தத் துணி இருக்கிறது, அட்டைப் படத்தில் உள்ள பெண் அணிந்திருப்பதும் இதே வகைதான். தோளைப் பிரித்து, ஆவியில் சுருக்கி, நாடா வைத்து மறுபடி தைக்க ஒரு நாள் போயிற்று. ஹேங்கரில் மாட்டாமல் மடித்து வைக்கச் சொல்லும் வாக்கியம் ஒன்றுகூடக் கையேட்டின் 22 பக்கங்களிலும் இல்லை.

முன்விளிம்பிலும் கழுத்திலும் ஓடும் பட்டையில் இதே அலட்சியம் சற்று வேறு வடிவில் இருக்கிறது. எல்லாத் துணிக்கும் ஒரே நீளத்தில் பட்டைத் துண்டைத் தந்திருக்கிறார்கள். இழுபடும் தன்மை குறைந்த லூப் நிட்டில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. ஸ்வெட்டர் நிட்டில் அதே பட்டை முன்பக்கம் முழுவதும் அலை அலையாக நெளிந்தது. நேராக இறங்கும் முன்விளிம்பில் பட்டையும் விளிம்பும் ஒரே நீளம் இருக்க வேண்டும், பின்கழுத்தின் வளைவில் மட்டும் பட்டை பத்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தால் அது கழுத்தோடு அணைந்து நிற்கும். துணி அதிகம் இழுபடுவதாயின் அந்தக் குறைவை இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். நான் இறுதியில் பட்டையை நீளமாக வெட்டிக்கொண்டு, முன்விளிம்பைத் தட்டையாக மேசையில் கிடத்தி, கீழிருந்து கழுத்து வரை குண்டூசி குத்தி, மிகுந்ததைப் பின்கழுத்து நடுவில் வெட்டி இணைத்தேன். இந்த முறையில் பேட்டர்னின் பட்டைத் துண்டுக்கே வேலை இல்லாமல் போய்விடுகிறது.

பித்தான் துளைகளைப் பற்றி விரிவாக எழுத ஒன்றுமில்லை; பின்னல் துணியில் துளை வாய்பிளக்கும், ஆகவே உள்ளே ஒட்டுக் கேன்வாஸ் வைத்துப் பிரஸ் பட்டன் தைத்துவிட்டேன். கீழ் விளிம்புக்கு இரட்டை ஊசித் தையலைப் பரிந்துரைக்கிறார்கள். தொழிற்சாலையின் ஃபிளாட்லாக் தையலைப் போலத் தோற்றம் தரும் என்பது உண்மை, ஆனால் இரண்டு வரிகளுக்கு நடுவில் துணி மேடு கட்டிவிடுகிறது. கையால் தளர்வாக எம்மிங் போட்டால் வெளியே தெரிவதில்லை, இழுத்தால் நூலும் அறுவதில்லை. பைகள் உயரமான பெண்ணுக்கு ஏற்ற இடத்தில் குறிக்கப்பட்டிருப்பதால் நான்கு சென்டிமீட்டர் மேலே ஏற்ற வேண்டும். பையில் கைப்பேசி வைக்கிற பழக்கம் உள்ளவர்கள் பையின் மேல்மூலைகளுக்குப் பின்னால் சிறு துணித் துண்டு வைத்துத் தைப்பது நல்லது.

அணிந்து பார்த்தபோது புடவைக்கு மேல் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே அமைந்தது. முந்தானை மடிப்பு கசங்கவில்லை, இரண்டு தோளும் ஒரே உயரமாகத் தெரிந்தன, பேருந்தில் மேலே கம்பியைப் பிடித்தால் ஜாக்கெட் ஏறி வரவில்லை. ஆனால் முந்தானையில் குத்தியிருந்த சேஃப்டி பின், லூப் நிட்டின் உள்பக்க வளையங்களில் மாட்டி, கழற்றும்போது ஒரு நீண்ட இழையை வெளியே இழுத்துக்கொண்டு வந்தது. பின் குத்தாமல் புடவை கட்டுகிறவர்கள் இன்று எத்தனை பேர்? இதற்கு ஒரு வழி தேடியபோதுதான் தோள் சிக்கலுக்கும் சேர்த்து விடை கிடைத்தது. பின்பக்கத் துண்டின் மேற்பகுதியையும் முன்பக்கத்தின் தோள் பகுதியையும் சேர்த்து, அக்குள் மட்டம் வரை மெல்லிய மல் துணியில் ஓர் உட்துண்டு வெட்டி, கழுத்துப் பட்டையிலும் கைக்குழித் தையலிலும் பிடித்துத் தைத்துவிட்டேன். நெய்த துணி இழுபடாது என்பதால் எடை முழுவதையும் அது ஏற்றுக்கொள்கிறது, பின் மாட்டுவதற்கு வளையமும் இல்லை, ரவிக்கைக் கை வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. பேட்டர்னில் இருக்கும் குட்டையான பின்கழுத்து உட்பட்டையை விட்டுவிட்டு இதையே வைக்கலாம். அரை மீட்டர் மல் துணி போதும். பிரித்துப் பிடித்துத் தைக்க இரண்டு மணி நேரம் ஆனது.

செலவைப் பார்த்தால், லூப் நிட் ஜாக்கெட்டுக்குத் துணி 420, மல், நாடா, பட்டன், நூல் எல்லாம் சேர்த்து 190, ஓவர்லாக்குக்கு 80, இரண்டு முறை அச்சிட்ட தாளுக்கு 230. பேட்டர்னின் விலை ஏறக்குறைய 1,200 ரூபாய். முதல் உடைக்குப் பேட்டர்னே பாதிச் செலவைத் தாண்டிவிடுகிறது. ஒரே ஒரு ஜாக்கெட் போதும் என்பவர்கள் இதை வாங்க வேண்டாம். நன்றாகப் பொருந்தும் பழைய ஸ்வெட்டர் ஒன்றைத் தாளில் படியெடுத்துத் தைத்துக்கொள்ளலாம். வீட்டில் மூன்று பேருக்குத் தைக்க இருப்பவர்களுக்கும், தையலில் ஓரளவு கை படிந்து, கையேட்டை நம்பாமல் வரைபடத்தை மட்டும் நம்பி வேலை செய்யத் தெரிந்தவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அந்தக் கழுத்தையும் கைக்குழியையும் நானாக வரைய முயன்றிருந்தால் நான்கு கிலோ துணியாவது வீணாகியிருக்கும்.

கைத் துண்டில் விடுபட்ட கோட்டைப் பற்றியும் தோள் நாடாவைப் பற்றியும் நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டு நாளில் பணிவான பதில் வந்தது. அடுத்த பதிப்பில் கவனிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது வரும் வரை, வாங்குகிறவர்கள் கைத் துண்டின் மேல்வளைவு உச்சியிலிருந்து 21 சென்டிமீட்டர் கீழே, துணியின் நீளவாட்டுக் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோட்டை வரைந்துகொண்டு அங்கே மடிக்கலாம். எம் அளவில் மணிக்கட்டு அகலமும் பட்டையும் மாறாமல் அப்படியே பொருந்துகின்றன.